நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

என் மனைவி அந்த கேமை நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் முப்பத்தாறு நிமிடம் விளையாடியிருக்கிறாள். விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் திறந்தால் திரையின் மூலையில் அது வரும். எங்கள் கல்யாண வாழ்க்கை மூன்று வருஷம் இரண்டு மாதம். அதில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசிய நேரம் இவ்வளவு வருமா என்று ஒரு மத்தியானம் கூட்டிப் பார்த்தேன். வரவில்லை.

நான் வாட்ச் மெக்கானிக். படித்தது பௌதிகம், கிடைத்தது இந்த வேலை. ஒரு கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் சர்வீஸ் கவுண்டர் இருக்கிறது. நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீடு திரும்பும்போது கண் எரியும். வாயும் கூடவே மூடிக்கொள்ளும்.

அவள் சோபாவின் ஜன்னலோரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பாள். உள்ளங்கை அகலக் கருவி, கேசட் செருகி ஆடும் பழைய மாடல். நாலு பேர் ஒரு தேசத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள். வழியில் காடு, ஊர், சத்திரம், சண்டை. ஜெயிக்க ஜெயிக்க நாலு பேருக்கும் பலம் கூடும். இன்னும் ஒரே ஒரு கோட்டைதான் பாக்கி என்பாள். இரண்டு வருஷமாக அந்தக் கோட்டை பாக்கியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பி வருவான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவனிடமும் அதே கேம் உண்டு. இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்தால் ஒருவர் கேமில் இருக்கும் ஆளை இன்னொருவர் கேமுக்கு அனுப்பலாம். ஒயர் ஒரு முழம்தான், அதனால் ஒட்டி உட்காருவார்கள். நான் எதிர் நாற்காலியில் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"கொல்லன் என்னடி சொன்னான்?"

"இருபது கல்லு கேட்டான். குடுத்துட்டேன்."

"லூசு. அவன்கிட்ட போய் ஏன் குடுத்தே?"

"அவன் நல்லவன்டா. நான் போய் நின்னா போதும், என்ன வேணும்னு அவனே கேப்பான்."

முதல் தடவை இதைக் காதில் வாங்கியபோது நிஜ ஆள் என்றே நினைத்தேன். பேப்பரை இறக்கி, "யாரு அது?" என்றேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஐயோ, உங்களுக்குக் கொல்லன் மேல பொறாமையா? அரை இஞ்சு கூட இல்ல, பாவம்!" என்றாள்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பொறாமைதான். கொல்லன் மேல், ஒயர் மேல், தம்பி மேல். "வாங்க, ஒரு சண்டை போட்டுப் பாருங்க" என்று ஒருநாள் நீட்டினாள். எனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் நீட்டவில்லை.

தம்பி கிளம்பும்போது வாசலில் வாராவாரம் வழக்கம் மாதிரி ஒரு சின்னச் சண்டை நடக்கும். அது "அடுத்த வாரம் தர்றேன், போடா" என்று அவள் கதவைச் சாத்துவதில் முடியும். எதைத் தரப்போகிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் தலை வலிக்கிறது என்றாள். மறுநாள் சாயங்காலம் அவளே இல்லை.

போன மாதம் தம்பி வந்தான். சோபாவில் உட்காரவில்லை.

"மாமா, அக்காவோட கேம் எங்க?"

"இருக்கு."

"குடுங்களேன். கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டுத் தர்றேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மான்னா இங்கயே இருக்கட்டும்."

அவன் காது சிவந்தது. "நாங்க ஸ்கூல் படிக்கறப்ப வாங்கினது மாமா அது. உங்களுக்கு அதுல எந்த பட்டன் எதுக்குன்னாவது தெரியுமா?"

"தெரிய வேண்டாம்."

"வெச்சுக்குங்க, வெச்சுப் பூட்டிக்குங்க. கேசட்டுக்குள்ள ஒரு பட்டன் செல் இருக்கு. அது செத்தா அவ ஆடினது மொத்தமும் அழிஞ்சிரும். உங்களுக்குச் சொல்லணுமா? வாட்ச்காரர்தானே."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கருவியைக் கடைக்கு எடுத்துப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். உள்கடிகாரம் நின்றுவிட்டது, ஆட்டத்தைத் தொடரலாம் என்று ஒரு வரி வந்தது. செல் சாகக் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்புறம் அந்த நாலு பேர் வந்தார்கள். அவள் வைத்த பெயர்கள்: மேடம், டாக்டர், பூட்டு, பல்லி. ஒன்றுகூட நான் கேள்விப்பட்டதில்லை. பல்லி வில்லாளி. நாலு பேரிலும் அவனுக்குத்தான் லெவல் அதிகம், கவசமும் நல்ல கவசம். யார் இந்தப் பல்லி?

அவர்கள் நின்றிருந்தது கொல்லன் பட்டறையில். பட்டனை அழுத்தினேன்.

'வா. இன்னைக்கு உனக்கு என்ன வேணும்?' என்றான் கொல்லன்.

ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்து திரும்பப் போனேன். அதே கேள்வியைக் கேட்டான். பத்துத் தடவை போனேன், பத்துத் தடவையும் கேட்டான். தண்ணீர் எடுக்கும் பெண்ணிடம் போனால் அவள் பேசினாள். சத்திரக்காரன் களைப்பாக இருக்கிறாயே, படு என்றான். அந்த ஊரில் அத்தனை பேரும் விட்ட இடத்தில் நின்றார்கள். பக்கத்தில் போனால் வாயைத் திறந்தார்கள். ஒருவனுக்கும் கண் எரியவில்லை.

அவள் ஏன் அங்கே போனாள் என்று புரிந்தது. புரிந்ததும் எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று.

ஆட்டத்தைக் கொல்லன் பட்டறையிலேயே சேமித்து அணைத்துவிட்டு, கேசட்டைத் திருகித் திறந்து செல்லை மீட்டரில் பார்த்தேன். 2.2 வோல்ட். இருக்க வேண்டியது மூன்று. எங்கள் கவுண்டரில் ஒரு நாளைக்கு நாற்பது செல் மாற்றுகிறேன். இதை மாற்றவில்லை, டிராயரில் போட்டேன். போகட்டும். நானூற்றுச் சொச்ச மணி நேரமும் கொல்லனும் பல்லியும் ஒரேயடியாகத் தொலையட்டும். எனக்குக் கிடைக்காதது அவள் தம்பிக்கும் வேண்டாம்.

பதினொரு நாள் அப்படியே கிடந்தது. தினமும் சாப்பாட்டுக்கு முன் எடுத்து அளந்தேன். 2.2. 2.2. 2.1. தொலையட்டும் என்று நினைக்கிறவன் தினமும் அளக்க மாட்டான்.

இந்த செல் வாட்ச் செல் மாதிரி இல்லை. ஈயப் பற்று வைத்து போர்டோடு ஒட்டியிருக்கும். பழையதை எடுத்த நொடியே எல்லாம் அழியும். எடுத்துப் புதிதை வைக்கிற வரை இன்னொரு செல்லிலிருந்து இரண்டு ஒயரை போர்டில் இரண்டு புள்ளிகளில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். என் ஒரு கையில் சால்டரிங் அயர்ன் இருக்கும், இன்னொன்றில் ட்வீசர். மூன்றாவது கை வேண்டும். பக்கத்துக் கவுண்டர்காரரைக் கேட்டிருக்கலாம். அவர் பிடிக்கும்போதே எனக்குப் போன வார மேட்ச் கதையைச் சொல்வார்.

தம்பிக்கு போன் செய்தேன்.

ஞாயிறு கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே வந்தான். முதுகில் பை. ஒயர் முனைகளை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன்.

"நகர்ந்தா?"

"நகராதே."

"தும்மல் வந்தா?"

"முழுங்கு."

பழைய செல்லின் ஈயம் உருகத் தொடங்கியது. அவன் இரண்டு கையும் மேஜையில் மாட்டிக்கொண்டிருந்தன. இனி அவன் எழுந்து போக முடியாது.

"யாருடா பல்லி?" என்றேன்.

"அவன் என் ஆளு."

"உன் ஆளா?"

"நான் வளர்த்தவன், மாமா. உங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல, ஒரே ஒரு சண்டைக்குக் குடுடான்னு ஒயர் வழியா வாங்கிக்கிட்டா. திருப்பியே தரல. ஒவ்வொரு வாரமும் வந்து கேப்பேன். அடுத்த வாரம் தர்றேன்னு சொல்லுவா. மூணு வருஷம்."

"அதுக்குத்தான் கேம் கேட்டியா?"

"பின்ன? உங்க வீட்டு சோபாவுக்கா வந்தேன்?" மூச்சை மெதுவாக விட்டான், கை அசையாமல். "வீட்ல இருந்தவரைக்கும் எல்லாத்தையும் எங்கிட்டதான் சொல்லுவா. அப்புறம் நீங்க வந்தீங்க. பேசறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். எதிர்ல நீங்க வேற, போலீஸ்காரர் மாதிரி பேப்பரை விரிச்சுக்கிட்டு. எனக்கு உங்க மேல எவ்வளவு கடுப்பு தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப தெரிஞ்சுக்குங்க."

பழைய செல் கழன்று வந்தது. அந்த நேரம் அவள் ஆடினது முழுக்க அவன் விரலடியில்தான் இருந்தது. கொஞ்சம் தூக்கினால் போதும். அவனுக்கும் அது தெரியும், என்னைப் பார்த்தான். கட்டை விரல் நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தான்.

புதியதை வைத்துப் பற்று வைத்தேன். ஆற விட்டேன். மீட்டரில் 3.1.

"எடு" என்றேன். எடுத்தான். விரல் நுனிகளில் ஒயர் அச்சு பதிந்திருந்தது.

கேசட்டை மூடி, செருகி, ஸ்விட்சைத் தள்ளினேன். திரை வெளுத்தது. இரண்டு பேரும் தலையை ஒட்டிக் குனிந்திருந்தோம். மூலையில் நம்பர் வந்தது. நானூற்றுப் பதின்மூன்று மணி இரண்டு நிமிடம். கூடுதலாக இருந்த இருபத்தாறு நிமிடம் நான் கொல்லனிடம் போய்ப் போய் வந்தது. பட்டனை அழுத்தினேன்.

"வா. இன்னைக்கு உனக்கு என்ன வேணும்?" என்று தம்பி கொல்லன் குரலில் படித்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தான். அவனுடைய கேம், சுருட்டி வைத்த ஒயர்.

"பல்லியை அனுப்பிடுங்க மாமா. அஞ்சு நிமிஷ வேலை. எப்படின்னு நான் சொல்றேன்."

ஒயரின் முனையை என் பக்கம் நீட்டினான். நான் கருவியை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல மனசில் செய்ததில்லை அது. பல்லியைக் கொடுத்துவிட்டால் அவன் போய்விடுவான். அவளை எனக்கு முன்னால் தெரிந்தவன், எனக்குத் தெரியாத டாக்டரையும் பூட்டையும் தெரிந்தவன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

"அடுத்த வாரம் தர்றேன்" என்றேன்.

அவன் கை நீட்டியபடியே நின்றது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ஒயரைச் சுருட்டினான். அவசரமில்லாமல், விரல்களில் எட்டுப் போட்டு.

"எத்தனை மணிக்கு?" என்றான்.