இருபத்து மூன்று அம்புக்குறிகள்

மார்ச் பதினாறாம் தேதி காலை, மருந்துத் தொழிற்சாலையின் இரண்டாம் தளத்தில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் இருபத்தாறு பெண்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுக்கப்பட்டது. அதில் இருந்தது ஒரே கேள்வி: பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய யாரை விரும்புவீர்கள், மூன்று பேரை எழுதவும்.

தாளைக் கொண்டுவந்தவர் கல்லூரியில் சமூகவியல் நடத்தும் விரிவுரையாளர். ஒரு கூட்டத்தில் யார் யாரோடு ஒட்டுகிறார்கள் என்பதை வட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் வரைந்துவிடலாம் என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் எடுப்பவர். உண்மையான ஒரு தொழிற்சாலையில் வரைந்து பார்க்க அவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு. இருக்கைகளை மாற்றிப் போட்டால் வேலை வேகமாகுமா என்று பார்க்க வேண்டும் என மேலாளர் சொல்லியிருந்தார்.

"உங்க பேரு எதுவும் வெளியே போகாது. சீட் நம்பர் மட்டும்தான் போடுவேன். மத்தியானம் சாப்பிட்டுட்டுக் குடுங்க, அவசரமில்லை" என்றார் விரிவுரையாளர்.

கை கழுவும் குழாயடியில் அந்தத் தாளைப் பற்றித்தான் பேச்சு.

"பக்கத்துல யாரு வேணும்னு இத்தனை வருஷமா கேக்காதவங்க இப்ப எதுக்குக் கேக்கறாங்க? லைன் லீடர் போடப்போறாங்கடி. யாரு பேரு அதிகமோ அவங்களுக்கு. பெர்மனென்ட்" என்றாள் ஒன்பதாம் இருக்கைக்காரி.

எல்லாருமே ஒப்பந்தத் தொழிலாளர்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமானால் குடும்பத்துக்குக் கம்பெனியே மருத்துவம் பார்க்கும்.

"அப்ப எங்க அண்ணி பேரை எழுதுங்க" என்றாள் ஒன்பதாம் இருக்கைக்காரி.

"யாரு, கத்திரியா? அவ பக்கத்துல உக்காந்தா எனக்குச் சோறு இறங்காதே. நீயே அவகூட ஒரு வருஷமா பேசறதில்ல."

"நான் பேசலைன்னா என்ன, எங்கண்ணன் படுத்துக் கிடக்கான். முதுகுல ஆபரேஷன் பண்ணா எழுந்திருப்பான்னு டாக்டர் மே நாலு தேதி குடுத்திருக்காரு. அவ வாய்க்காக வேண்டாம். அவனுக்காக எழுதுங்க."

கத்திரி என்பது பதினான்காம் இருக்கைக்காரிக்குத் தளத்தில் வைத்த பெயர். மடிப்புச் சரியில்லாத பெட்டியை எடுத்தவளிடமே திருப்பி எறிவாள். யார் பேசினாலும் பாதியில் வெட்டுவாள். அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர். ஒன்பதாம் இருக்கைக்காரி அவளுடைய நாத்தனார்; இருவரும் ஒரே வீட்டில்தான்.

"சரி, ஒரு இடம் அவளுக்கு. மிச்சம் ரெண்டு என் இஷ்டம்" என்றாள் இன்னொருத்தி. குழாயடியில் அதுவே முடிவாயிற்று.

கத்திரிக்கு இது தெரியாது. வழக்கம்போல் ஜன்னலோரத்தில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிச் சாப்பிட்டாள். தன் தாளில், "யாரும் வேண்டாம். தனியா இருந்தா வேலை ஓடும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த மூன்று நாட்கள் விரிவுரையாளர் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். "14: சாப்பாட்டில் தனியாக. யாரும் பேசுவதில்லை" என்று மூன்று நாளும் எழுதினார். வீட்டில் படத்தை வரைந்தபோது பதினான்காம் வட்டத்தை நோக்கி இருபத்து மூன்று அம்புக்குறிகள் வந்தன. அதிலிருந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை. குறிப்பேடு ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைச் சொன்னது. வெள்ளிக்கிழமை அறிக்கை தர வேண்டியிருந்ததால் படத்தைத் தந்தார்.

மேல்மாடியில் மேலாளர் அறைச் சுவரில் இருக்கை வரைபடம் தொங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு புகைப்படம். அதுவரை விரிவுரையாளர் அதைப் பார்த்ததில்லை.

"போன வருஷம் கீழ்த்தளத்துல பெல்ட்டை நிறுத்தி ஸ்ட்ரைக் பண்ணாங்க. யாரு தலைமைன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு. நீங்க அஞ்சு நாள்ல முடிச்சுட்டீங்க" என்றார் மேலாளர்.

"சார், அவங்க தலைமையெல்லாம் இல்ல. தனியா உக்காந்துதான் சாப்பிடறாங்க."

"இத்தனை பேரைத் தன் பேரை எழுத வைக்கிறவ கூட்டமா உக்காந்து காட்டிக் குடுப்பாளா?"

விரிவுரையாளர் நேரே தளத்துக்குப் போனார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் இருக்கைக்காரி கையை நிறுத்தாமலே கேட்டாள்: "மேடம், எங்க அண்ணிக்குத்தானே அதிகம்? எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி எழுத வெச்சேன். ரெண்டு பேருதான் மாட்டேன்னுட்டாங்க. கெடைச்சிடும் இல்ல?"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஐயோ, சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னை உரிச்சுடுவா."

விரிவுரையாளர் மறுபடி மேலே போனார். அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டு எழுதியிருக்கிறார்கள், லைன் லீடர் பதவி என்று தப்பாக நினைத்துவிட்டார்கள், அவளுக்கு எதுவுமே தெரியாது என்றார்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதாவது, ஒரே மத்தியானத்துல இருபத்து மூணு பேரு ஒண்ணா சேர்ந்திருக்காங்க."

"அது வேற, சார்."

"எனக்கு ஒண்ணுதான். அவ சேர்க்கலைன்னா யாரு சேர்த்தது?"

விரிவுரையாளர் சுவரைப் பார்த்தார். ஒன்பதாம் எண்ணுக்குக் கீழே இருந்த படத்தில் அவள் லேசாகச் சிரித்தபடி இருந்தாள். சொன்னால் ஒருத்தி போவாள், சொல்லாவிட்டால் இன்னொருத்தி. இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

"பேரு வெளியே போகாதுன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லது. சொன்ன வார்த்தையைக் காப்பாத்துங்க. அப்ப பதினாலே இருக்கட்டும்."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை, ஒப்பந்த நீட்டிப்புக் கடிதங்கள் கொடுத்து முடித்த பிறகு, கடிதம் கிடைக்காத கத்திரி வாசலில் நாத்தனாரை நிறுத்தினாள். ஒரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அன்றுதான்.

"நான் ஆள் சேர்க்கறேன்னு எனக்கு லெட்டர் இல்லையாம். நீதான் சேர்த்தியாமே."

"நல்லது நினைச்சுத்தான் அண்ணி..."

"எவடி உன்னை நினைக்கச் சொன்னது? என் வேலையைப் பார்த்துக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்தேன்."

"நான் போய்ச் சொல்லட்டுமா? நான்தான்னு மேலே போய்ச் சொல்லிடறேன்."

கத்திரி பேச்சை வெட்டினாள்.

"வாயை மூடிக்கிட்டு நாளைக்கு வேலைக்கு வா. வீட்ல ஒருத்தராவது சம்பாதிக்கணும்."

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து பேருக்கு ஆறு மாதங்களுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. லைன் லீடர் என்று யாரையும் நியமிக்கவில்லை. இருக்கைகளும் மாற்றப்படவில்லை. முன்பணம் கட்டப்படாததால், மே நான்காம் தேதிக்குக் குறித்திருந்த அறுவைச் சிகிச்சையை மருத்துவமனை ரத்து செய்து, அந்த நேரத்தை அடுத்த நோயாளிக்கு ஒதுக்கியது.