பத்து வாட்

போன ஆயுத பூஜையில் தங்கவேலைத் தரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மண்ணூர்பேட்டையில் தகடு வெட்டும் பட்டறை. அங்கே லேசர் மெஷின் முன்னால் மணை போட்டு உட்கார்ந்து பூஜை செய்வது மூத்த ஆபரேட்டரின் உரிமை. பன்னிரண்டு வருடமாகத் தங்கவேல்தான். முதலாளி வீரராகவன் அன்றே சொல்லிவிட்டார்.

"அடுத்த வருஷம் தானா உக்காந்து தானா எழுந்திருக்கிறவன்தான் பூஜை பண்ணணும். சாமி முன்னாடி கிரேன் வேலை வேணாம்."

அடுத்த ஆபரேட்டர் ஜெகதீஷுக்கு முப்பத்திரண்டு வயது. மறுநாளிலிருந்து மதியச் சோற்றைத் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டான்.

"அண்ணாத்தே, நீயும் வாயேன். இங்க காத்து நல்லா வருது."

"துன்றப்ப பேசாத. பொரை ஏறும்."

இந்த வருஷப் பூஜைக்கு ஐந்து வாரம் இருந்தது. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். மனைவி ராஜகுமாரி அம்பத்தூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் விசாரித்து வந்தாள். முட்டிக்கு லேசர் வைக்கிறார்களாம்.

தங்கவேல் தோல் ஏப்ரனோடு போனார். வலிக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்கு வெளியே நான்கு பெருக்கல் குறிகள்.

"இது என்ன சார்?" என்றாள் பிசியோதெரபிஸ்ட் எழிலரசி.

"அந்தப் பக்கம் வெட்டக் கூடாதும்மா."

"இது வெட்டாது சார்."

"எத்தினி வாட்டு?"

"பத்து."

தங்கவேல் ஏப்ரனைக் கழற்றினார். அவருடைய மெஷின் மூவாயிரம் வாட்.

"பத்து வாட்ல கொசு கூட சாவாதேம்மா."

"கொசுவுக்கு இல்ல சார். முட்டிக்கு."

மார்க்கர் கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்தாள். கறுப்பு மை சூட்டை இழுக்கும் என்றாள். தொழில் தெரிந்த பெண் என்று அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

இருவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். பொறி இல்லை. புகை இல்லை. லேசான வெதுவெதுப்பு.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"மெதுவா ஓட்டும்மா. தகடு தடியா இருந்தா மெதுவாத்தான் ஓட்டணும்."

பத்து தடவை வரச் சொன்னாள். தினமும் முட்டியை நீட்டி மடக்கச் சொன்னாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது என்றும் சொன்னாள்.

ஆறாவது தடவைக்குப் பிறகு ஒரு காலை, கட்டிலிலிருந்து எழுந்தபோது அவர் "அம்மா" என்று கத்தவில்லை. ராஜகுமாரி பயந்துபோய் ஓடி வந்தாள்.

"இன்னாய்யா ஆச்சு? சத்தமே காணோம்?"

முட்டியை மடக்கியதால் வந்த பலன் என்றாள் அவள். லேசர் என்றார் அவர். விட்டுக்கொடுக்க முடியுமா?

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனமும் மாலையும். ஜெகதீஷ் பட்டு வேட்டியில் வந்திருந்தான். தங்கவேல் மணையில் உட்கார்ந்தார். முதலாளிக்கும் திடீரென்று பக்தி வந்து, பக்கத்தில் சம்மணமிட்டார்.

கற்பூரம் ஏற்றியாயிற்று. எழுந்து காட்ட வேண்டும். ஜெகதீஷ் ஓரடி முன்னால் வந்தான்.

தங்கவேல் ஒரு கையில் தட்டைப் பிடித்தார். மறு கையைத் தரையில் ஊன்றினார். முட்டி சொடுக்கியது பட்டறை முழுக்கக் கேட்டது. எழுந்தார். நின்றார். தட்டைச் சுற்றினார்.

ஜெகதீஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

முதலாளி மட்டும் எழவில்லை. கண் மூடியிருந்தார். சுண்டலை உட்கார்ந்தபடியே வாங்கினார். பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்குப் போனதும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தங்கவேலு."

"சார்."

"எல்லாரும் போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க சார்."

"தூக்கு."

தங்கவேல் தூக்கினார். இரண்டு பேர் வேலை.

முதலாளி மெஷினைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "உனக்கு எப்படிடா சரியாச்சு?"

"லேசர் வச்சாங்க சார்."

முதலாளி மெஷினிலிருந்து கையை எடுத்தார்.

"எத்தனை வாட்?"

தங்கவேல் மாலை போட்ட மெஷினைப் பார்த்தார்.

"மூவாயிரம் சார்."