ஒன்றும் ஏற்றாத கம்ப்யூட்டர்

...ஒன்றுமே இல்லை என்று அவள் சொன்ன விதம்தான் முதலில் சுருக்கென்றது. மாமா, உங்க கம்ப்யூட்டர்லதான் ஒண்ணுமே இல்ல, அதான் எனக்கு வேணும் என்று நேற்றுக் காலை காப்பித் தம்ளரை வைத்துவிட்டு மருமகள் ஷோபனா கேட்டபோது கஜபதியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கஜபதி வீட்டில் ஒன்றுமில்லை என்று இந்தத் திருத்தணியில் இதுவரை எவன் சொல்லியிருக்கிறான்... ஆனால் யோசித்தால் அவள் சொன்னது நிஜம்தானே? பங்காளி தேசப்பன் வீட்டில் கம்ப்யூட்டர் வந்த ஒரே மாதத்தில் மகன் வேணு சென்னையிலிருந்து இதை வாங்கி வந்து கூடத்தில் வைத்தான், இரண்டு வருடம் ஆகிறது, மனைவி அம்சா தைத்த பூப்போட்ட உறைக்குள்தான் இருக்கிறது, ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நிமிடம் போட்டு அணைப்பதோடு சரி, அந்த சுவிட்சையும் கஜபதி ஒருவர்தான் தொடலாம். அதனால்தான் இப்போது மவுஸ் என்கிற எலியும் அவர் கையில் இருக்கிறது. பின்னால் நின்று அவள் சொல்லச் சொல்ல அவரே அழுத்துகிறார். திரையில் நீலப் பட்டை ஊர்ந்துகொண்டிருக்கிறது, மணி பத்தரை, மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும், முருகா.

நாளைக்கு மறுபடியும் அம்மையார்குப்பம் போக வேண்டும். போன வாரம் போனதே போதும் போதும் என்றாகிவிட்டது... வீட்டுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அவரும் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு கூடவே போனார். நெசவாளர் சங்கத்தில் நாற்காலி போட்டார்கள், சோடா வந்தது, சேலைக் கரையைக் கட்டம் போட்ட தாளில் வரைவதற்குப் பதிலாகத் திரையிலேயே வரைகிற புரோகிராம், எங்கள் மருமகள் எழுதியது என்று அவர்தான் வாயைத் திறந்து சொன்னார், சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் சி.டி.யைப் போட்டாள், டொங் என்று ஒரு சத்தம், சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பெருக்கல் குறியோடு ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். சங்கத்துக் கணக்கன் பங்காரு பல்லைக் காட்டிக்கொண்டு, "இன்னாங்க நைனா, உங்க வூட்டு சரக்கு உங்க வாசப்படி தாண்டினா வேல செய்யாதா?" என்றான். எட்டுப் பேர் சிரித்தார்கள். எண்ணினார், எட்டுப் பேர். இன்னொரு முறை அப்படி நடந்தால் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தலை நிமிர்ந்து போக முடியுமா?

பிறகுதான் அவள் விளக்கினாள். திரையில் வருகிற ஜன்னல், பொத்தான், படம் எல்லாவற்றையும் அவளே முதலிலிருந்து எழுதவில்லையாம், எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி உலகத்துக்கே கொடுத்திருக்கிறார்களாம், அதன்மேல்தான் இவளுடையது நிற்கிறது. உள்ளறையில் இருக்கிற அவளுடைய பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும், சங்கத்து விண்டோஸிலும் ஓடும், ஆனால் விண்டோஸுக்குப் போகும்போது அவர்கள் எழுதிய துணைக் கோப்புகள் அத்தனையையும் கூடவே கட்டி அனுப்ப வேண்டும். அரக்கோணத்தில் வேணுவின் சிநேகிதன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள், அழகாக ஓடியது. வேறு ஏதோ புரோகிராமோடு அந்தக் கோப்புகள் அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும்? அம்மையார்குப்பத்தில் அவை இல்லை. ஆகவே விண்டோஸைத் தவிர எதுவுமே ஏற்றாத கம்ப்யூட்டர் ஒன்றில் ஓட்டிப் பார்த்தால்தான் கட்டியது சரியா என்று தெரியும், ஊரில் அப்படிப்பட்டது இது ஒன்றுதான். அதைக் கேட்டபின் கோபம் போய்விட்டது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தேசப்பன் வீட்டுக் கம்ப்யூட்டரை இதற்குக் கேட்க முடியுமா, பேரப்பிள்ளைகள் விளையாட்டுகளாக ஏற்றி நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

சும்மா குடுக்கறாங்களா என்றுதான் அவர் முதலில் கேட்டார், சும்மா வாங்குவது இந்த வீட்டில் பழக்கமில்லை. ஆங் மாமா, யாரு வேணா எடுத்துக்கலாம், அவங்க பேரையும் அவங்க போட்ட நிபந்தனையையும் கூடவே வெக்கணும், அவ்ளோதான் என்றாள். அது நியாயம். இன்று புரோகிராமை ஏற்றத் தொடங்கியதும் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில் வரிசையாக வந்தன, அடுத்ததை அழுத்துங்க மாமா என்று அவள் அவசரப்பட்டாள், அவர் விடவில்லை, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். வாயில் நுழையாத பெயர்கள், எந்த ஊர்க்காரர்களோ... அவர்கள் பெயரை மறைத்துவிட்டு என் வீட்டுப் பெயரை மட்டும் போட்டுக்கொள்வதா? படித்து முடித்தபின்தான் அழுத்தினார்.

டொங். அதே சத்தம், அதே சிவப்பு வட்டம். "நல்லதாப் போச்சு மாமா!" என்றாள் ஷோபனா. இதில் என்ன நல்லது? இந்தக் கோப்பு இல்லை என்று பெட்டிக்குள் ஒரு பெயர் எழுதியிருக்கிறது, அவள் கையில் குறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள், அதையும் சேர்த்துக் கட்டி வேறு சி.டி.யோடு வந்தாள். மறுபடி டொங், வேறு பெயர். மறுபடி உள்ளே. சமையலறையிலிருந்து அம்சா, "இன்னாங்க, காலைலேர்ந்து பொட்டி முன்னால ஒக்காந்துகினு மணியடிச்சிகினு கீறீங்க, ரெண்டு பேரும் பூசாரி வேலைக்குப் போறீங்களா?" என்று குரல் கொடுத்தாள். ஷோபனா சிரித்தாள், அவருக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அடக்கினார். மூன்றாவது டொங்குக்கு அவருக்குப் பயமே இல்லை, பெயரை அவரே எழுத்துக் கூட்டிச் சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். "எது இல்லன்னு அதுவே பேர் சொல்லிடுது பாருங்க மாமா, நாம தேட வேணாம்" என்றாள்.

நான்காவது முறை சத்தமே இல்லை. திரை வெளுத்தது, கட்டம் கட்டமாக விரிந்தது, மேலே பொத்தான்கள், நடுவில் சிவப்பில் ஒரு மாங்காய்க் கரை. கஜபதி எலியை நகர்த்தி ஒரு கட்டத்தில் அழுத்தினார், அது மஞ்சளானது, பக்கத்துக் கட்டத்தையும் மஞ்சளாக்கினார். மாமா, நீங்களே கரை போட்டுட்டீங்க என்றாள். வரட்டும் நாளை, சோடாகூட வேண்டாம், பங்காருவையே உட்கார வைத்து அவன் கையாலேயே அழுத்தச் சொல்ல வேண்டும், சிரித்த எட்டுப் பேரும் இருக்க வேண்டும்... நெஞ்சு நிறைந்திருந்தது. அவள் சி.டி.யை உறையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள், அவர் இன்னும் நாலு கட்டம் மஞ்சளாக்கினார்.

இல்லாததை அதுவே பெயர் சொல்லிக் கேட்கிறது. கேட்டது கிடைத்ததும் ஓடுகிறது. இவள் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம், தனக்கு வேண்டும் என்று எதைக் கேட்டிருக்கிறாள்? நேற்றுக் கேட்டாளே, அதுதான் முதல் தடவை. குறை ஒன்றுமில்லை, அதனால் கேட்கவில்லை என்றுதான் அவர் எண்ணியிருந்தார், பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்... அப்படித்தானா?

"ஷோபனா" என்று கூப்பிட்டார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். இன்னா மாமா? உனக்கு இன்னா வேணும் என்று கேட்கத்தான் கூப்பிட்டார், கண் திரையிலேயே இருந்தது.

"நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸு?" என்றார்.

எட்டு மணி என்றாள். எட்டு மணி என்று காலையில் அவளுக்குச் சொன்னதே அவர்தான்.