வாசலில் வைத்த வாளி

சேசம்மாள் புருஷனின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டாள். கைகளை நெஞ்சில் கோத்து ஜெபமாலையைச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து, கதவருகே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, “சொந்தக்காரங்க எல்லாம் வெளிய நில்லுங்க” என்றாள்.

பழக்கதோஷம், வேறென்ன! லேபர் கேம்ப் குடியிருப்புப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நிஜமாகவே வெளியே போய்விட்டார்கள். நாத்தனார் சவரியம்மாள் மட்டும் நகரவில்லை.

“ஏட்டி, இது என்ன ஒன் ஆஸ்பத்திரியா? நீ யாரு அவனுக்கு?”

சேசம்மாள் போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டாள். விடிந்ததும் சாயா குடிக்க உட்கார்ந்த சிங்கராயர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவள் நாடி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சீனச் சண்டை நடந்த வருஷம் காஷுவாலிட்டி வார்டுக்கு மாறியவள் அவள். ரயிலில் அடிபட்டவன், மில்லில் கை போனவன், தீயில் வெந்தவள் எல்லாரும் முதலில் வந்து விழுகிற இடம் அது. அங்கே நர்ஸ் அழக் கூடாது. அழுகையை அங்கே அடக்கினாள், சரி. வீட்டுக்கு வந்தால் பேயாட்டம்தான்.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான். லோக்கல் வண்டியிலிருந்து விழுந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி அவள் கையிலேயே போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு தண்ணீர் வாளி. “ஒரு வாளிய ஓரமா வைக்கத் துப்பில்ல!” என்று அந்த வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினாள். மனுஷன் சிரித்துக்கொண்டே சோறு போட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

“கடைசியா ஏசிட்டேன், மைனி. போயும் போயும் ஒரு வாளிக்காக.”

சவரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த வாளிய அவன் வேணும்னுதான்டி வைப்பான். நானே கேட்டேன், ஏம்ல காலிபீலி, ஒரு காரியமும் இல்லாம ஏச்சு வாங்குதன்னு. ‘அக்கா, அங்க அவ வாயத் தொறக்க முடியாது. முக்குல திரும்பும்போதே மூஞ்சி சொல்லிரும், இன்னைக்கு யாரோ போயிட்டாங்கன்னு. ஒடனே வாளிய இழுத்து வச்சிருவேன். கத்தி முடிச்சாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும்’னான்.”

சேசம்மாள் யோசித்துப் பார்த்தாள். வாளி ஓரமாக இருந்த நாட்களும் உண்டு. வந்தவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்ட நாட்கள் அவை.

அவள் தரையில் உட்கார்ந்து அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு தடவையாவது எதுத்து ஏசியிருக்கலாம்லா? இம்புட்டையும் வாங்கிக்கிட்டு இருந்திருக்கீரே! எப்படி வச்சிருந்தீரு என்னய! எந்தப் பொம்பளைக்கு இது கெடைக்கும்?” குரல் உடைந்து, ஓங்கி, அறையை நிறைத்தது.

சவரியம்மாள் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மாலையோடு வந்தவர்களிடம் அவள் சொல்வது உள்ளே கேட்டது.

“கொஞ்சம் பொறுங்கய்யா. அவ அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கா.”