அணைக்காத கம்ப்யூட்டர்

கச்சிராயபாளையத்தில் அன்புச்செல்வனிடம் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. கரும்பு எப்போது வெட்டலாம், பம்புசெட் ஏன் உறுமுகிறது, வெள்ளிமலை பஸ் எத்தனை மணிக்கு, எல்லாவற்றுக்கும் உண்டு. பதில் சரியா என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். தெருவில் முதலில் கம்ப்யூட்டர் வந்தது அவன் வீட்டுக்குத்தான். அந்த ஒரே தகுதியில் தெருவுக்கே அவன் கம்ப்யூட்டர் டாக்டராகி வருடம் பல ஆகிறது.

அந்த டாக்டர்தான் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். சித்திரை வெயில் ஒரு காரணம். மனைவி இலக்கியா முதுகுக்குப் பின்னால் நின்றது பெரிய காரணம்.

இலக்கியா பி.எட். முடித்து மூன்று வருடமாகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கு அறிவியல் டீச்சர் வேண்டுமாம். பத்து நிமிடம் பாடம் நடத்தி வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பிடித்திருந்தால்தான் நேரில் கூப்பிடுவார்கள். இன்று மாலை நாலு மணியோடு சரி. நாலு நாளாக நடுவீட்டுச் சுவரில் போர்டு மாட்டி, போனில் துண்டு துண்டாகப் படம்பிடித்து, கம்ப்யூட்டரில் போட்டு ஒட்டவைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுக்கப்போன நேரத்தில், வீடியோ ஒட்டுகிற புரோகிராம் பாதியில் அப்படியே உறைந்துபோனது. கேட்டால் இடமில்லை என்றது.

"இடம் இல்லன்னா இன்னாங்க அர்த்தம்? அவ்ளோ இன்னாத்த வச்சிருக்கோம் அதுல?"

"நாம வைக்கல. எல்லாம் டெம்ப் ஃபைலு. வேலை செய்யச்சொல்ல அதுவே எழுதி வச்சிக்கும், முடிஞ்சதும் அதுவே தொடைச்சிடும். இது தொடைக்காம வுட்டுக்கினு இருக்குது. இரு, ரெண்டு நிமிசம்."

ரெண்டு நிமிடம் முக்கால் மணி நேரமானது. சின்னச் சின்ன ஃபைல்கள் ஒழுங்காகப் போய்விட்டன. அந்தப் புரோகிராம் போட்டுவைத்த பெரிய ஃபைல்கள் எட்டு இருந்தன. மொத்தம் அறுபது ஜிபி. அவைதான் உடும்புப் பிடியாக உட்கார்ந்துகொண்டன. அழி என்றால், வேறொரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் புரோகிராமை மூடினால், மூடியது போல் நடித்துவிட்டு உள்ளே உயிரோடு இருந்தது. ஃபைலின் பெயரை மாற்றிப் பார்த்தான். வேறு இடத்துக்கு இழுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தும் பார்த்தான்.

அப்போது பக்கத்துக் கொல்லைக்காரர் கொளஞ்சியப்பன் மண்வெட்டி கேட்டு வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா அன்பு, மெசினு மக்கர் பண்ணுதா? ஒருவாட்டி அணைச்சிப் போடேம்ப்பா. என் போனு அடம் புடிச்சா நான் அதான் செய்யறேன்."

"போனு வேற, இது வேற பெரியப்பா. இத அணைக்கவே கூடாது. அணைச்சி அணைச்சிப் போட்டா ஆயுசு கம்மியாயிடும்."

கொளஞ்சியப்பன் சரிதான் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார். இலக்கியா தலையாட்டவில்லை.

அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டருக்கும் தெரியும். தெரிந்தும் ஆறு மாதமாக அந்தக் கம்ப்யூட்டரை அவன் அணைக்கவிடவில்லை. கரண்ட் போனாலும் நின்றுவிடாமல் இருக்க, ஃபேனுக்கென்று வாங்கிய இன்வெர்ட்டரை அதற்கு மாற்றிவிட்டான்; கரண்ட் போனால் வீடே புழுக்கத்தில் வெந்தது. எல்லாம் ஆயுத பூஜை செய்த வேலை. டிராக்டர், ஸ்பிரேயர், அரிவாள் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அன்புச்செல்வன், கம்ப்யூட்டர் முன்னால் வந்ததும் பக்தி முற்றி, சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் அள்ளி, சரியாக பவர் பொத்தான் மேலேயே அப்பினான். அதன் மேல் குங்குமம். மறுநாளும் ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று அப்படியே விட்டார்கள். மூன்றாம் நாள் சந்தனம் பொத்தானைச் சுற்றியிருந்த சந்திலெல்லாம் இறங்கி சிமெண்டாக இறுகியிருந்தது. இலக்கியா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து, உள்ளங்கையை வைத்து உடம்பு பாரத்தையே போட்டு அழுத்தினான். ஒரு வழியாக ஆன் ஆயிற்று. இன்னொரு தரம் ஆகுமா என்று சாமிக்குத்தான் தெரியும். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அணைக்கக்கூடாது என்று சட்டம் போடுவது சுலபமாக இருந்தது.

மணி இரண்டரை. இலக்கியா சுவரிலிருந்த போர்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அத ஏன் எடுக்கற?"

"போதும் வுடுங்க. அடுத்த வருசம் கேக்காமலா போயிடுவாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை, ஆணியைப் பிடுங்கப் போனாள். அன்புச்செல்வனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. நாலு நாளாக அவள் சமையலை முடித்துவிட்டு அந்தச் சுவரோடு பேசிப்பேசிப் பழகியதை அவன்தானே பார்த்தான்.

"இலக்கியா, அணைச்சிப் போட்டா சரியாப் பூடும். ஆனா அணைச்சா திரும்ப எரியாது. ஆயுத பூஜைக்கு நான்தான் பொத்தான் மேல சந்தனத்த அப்பிட்டேன். இறுகிப்போச்சி. ஒங்கிட்ட சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சி."

அவள் குனிந்து பொத்தானைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

"ஆறு மாசமா இதுக்குத்தான் கரண்ட் போனா ஃபேனு இல்லாம படுத்துக்கினு இருந்தோமா?"

"ஆமா."

"வர்ற கோவத்துக்கு..." என்றவள் முடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். "ரீஸ்டார்ட்டுன்னு ஒண்ணு இருக்குதே, அதுக்கு இந்தப் பொத்தான் எதுக்குங்க? அதுவே அணைஞ்சி அதுவே எரியாதா?"

ஆறு மாதத்தில் அன்புச்செல்வனுக்கு இது தோன்றவே இல்லை.

"எரியுமா?" என்றான்.

"எனக்கும் தெரியல. போட்டுப் பாப்போம். எரியலன்னா இப்ப இருக்கற கதிதானே."

மவுஸை அவளே வாங்கி ரீஸ்டார்ட்டை அழுத்தினாள். திரை கறுத்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சத்தமும் நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து ஆறு மாதமாகிறது. அன்புச்செல்வன் அந்த நாழிகையில் வேண்டாத சாமியில்லை. சந்தனம் மட்டும் யாருக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. பிறகு உள்ளே ஏதோ கிர்ரென்றது, பச்சை விளக்கு எரிந்தது.

எட்டு ஃபைல்களும் ஒரே அழுத்தில் போயின. இத்தனை நேரம் பிடித்த அடம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒட்டிவைத்த பாடம் பத்திரமாக இருந்தது. மூன்றேகாலுக்கு வீடியோ தயார். அனுப்ப ஆரம்பித்தால் நெட் நத்தையாக ஊர்ந்தது. இருவரும் தண்ணீர்கூடக் குடிக்கப் போகாமல் திரையையே பார்த்திருந்தார்கள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு, வந்து சேர்ந்தது என்று பள்ளியிலிருந்து மெயில் வந்தது. இலக்கியா தரையில் அப்படியே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லயே. போட்டுப் பாருங்க," என்றாள்.

போட்டான். திரையில் நீலப் புடவையில் இலக்கியா போர்டு முன்னால் நின்றாள். வீட்டில் பேசுகிற குரல் இல்லை, அழுத்தம் திருத்தமான வேறொரு குரல்.

"கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை லேசாக இருக்கிறது. தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கனக்கிறது. அதே வாளி, அதே தண்ணீர். ஏன் அப்படி? யார் சொல்வீர்கள்?"

எதிரே பிள்ளைகள் இருப்பதுபோல, கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அன்புச்செல்வன் விவரம் தெரிந்த நாளாய்க் கிணற்றில் இறைத்தவன். வழக்கம்போல் ஒரு பதில் தொண்டை வரை வந்தும் விட்டது. தரையில் உட்கார்ந்திருந்த இலக்கியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலங்க டீச்சர்," என்றான்.

திரையில் இருந்தவள் சிரித்தாள். "தெரியவில்லையா? பரவாயில்லை. இப்போது பார்க்கலாம்," என்று சாக்பீஸை எடுத்துத் திரும்பினாள். அன்புச்செல்வன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.