ஆறு ரன் கொடுக்கிற ஆள்

நவம்பர் பிறந்ததும், பேஸ்பாலின் கீழ்மட்டமான மைனர் லீக்கில் ஆறேழு வருடம் கிடந்தும் மேலே ஏறாத ஐந்நூறு பந்துவீச்சாளர்களை அவரவர் கிளப்கள் அவிழ்த்து விட்டுவிடும். அந்தக் கும்பலில் உருப்படியான ஒருவனைத் தேடிப் பிடிப்பது மார்னி ஓல்ஷெவ்ஸ்கியின் வேலை. அவளுடைய கிளப் அந்த வருடம் தொண்ணூற்றெட்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது. நிர்வாகம் பதறிப்போய் அலுவலகத்துக்குப் புது காபி மெஷின் வாங்கியது.

மார்னி கண்டெடுத்தவன் டெல் ஹஸ்கின்ஸ். இருபத்தொன்பது வயது, இடதுகைக்காரன். ஆட்டத்துக்கு ஆறு ரன் கொடுத்தவன்; பேஸ்பாலில் அது படுமோசம்.

"ஆறா?" என்றார் மேலாளர் கார்ட் லாங்லி. "இவனை எதிர் டீமுக்குப் பரிசாக் கொடுப்போம். நமக்கு நல்லது."

"அவன் கொடுக்கலை கார்ட், பின்னாடி நின்ன ஃபீல்டர்கள் கொடுத்தாங்க. வர்ற பந்தை எல்லாம் மரியாதையா வழியனுப்பி வைக்கிறாங்க. மைதானம் வேற மலை மேல, காத்து லேசு. தட்டினாலே வேலி தாண்டுது. பத்து பேர்ல மூணு பேரைப் பந்தையே தொடவிடாம ஸ்ட்ரைக்-அவுட் பண்றான்."

"வேகம்?"

"எண்பத்தொன்பது மைல்."

"என் கார் அதைவிட வேகமாப் போகும்."

"உங்க கார் ஸ்ட்ரைக் போடாது."

டெல்லுக்கு அவள் இரண்டு முறை போன் செய்தாள். "இன்ஷூரன்ஸ் வேணாம் மேடம்" என்று இரண்டு முறையும் வைத்துவிட்டான். நெப்ராஸ்காவில் அவன் வேலை செய்த டயர் கடைக்கே போய் நின்றாள்.

"உங்க ஏஜென்ட் எங்க?"

"என்னை விட்டுட்டார். பொண்டாட்டி மட்டும் இன்னும் விடலை. அவளும் வசந்தம் வரைக்கும்தான் கெடு வச்சிருக்கா."

கல்லூரியில் சாஃப்ட்பால் கேட்சராக இருந்த மார்னி, கடைக்குப் பின்னால் பனியில் குந்தி உட்கார்ந்து கையுறையை நீட்டினாள். முதல் பந்து நேராக வந்து, கடைசி அடியில் சடாரென்று மடங்கி அவள் முழங்காலைப் பதம் பார்த்தது.

"ஐயோ, சாரி மேடம்!"

"சாரி எதுக்கு? இன்னொண்ணு போடுங்க" என்றாள், நொண்டிக்கொண்டே.

லாங்லியோ அதற்குள் சான்ஸ் ரட் என்பவனைப் பிடித்திருந்தார். தொண்ணூற்றெட்டு மைல். பந்து எந்தத் திசையில் போகும் என்பது மட்டும் ரட்டுக்கே தெரியாது.

"ரெண்டு பேரையும் எடுங்க. டெல் சொதப்பினா என் சீட்டைக் கிழிச்சிடுங்க" என்றாள் மார்னி.

இந்தப் பேரம் லாங்லிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உடனே கையெழுத்துப் போட்டார்.

ஜூலைக்குள் ரட், பேட்டர்கள் ஏழு பேரையும் நடுவர் ஒருவரையும் பந்தால் அடித்துவிட்டு மைனர் லீக்குக்குத் திரும்பினான். வேறு ஆள் இல்லாததால் டெல்லை மேலே அழைத்தார்கள். கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, மூன்று பேஸிலும் ரன்னுக்குக் காத்திருக்கும் எதிர் டீம் ஆள், மூன்று அவுட் வேண்டிய இடத்தில் ஒருவன்தான் அவுட். முதல் பேட்டர் மூன்று முறை காற்றை வெட்டி அவுட்டானான். அடுத்தவன் மட்டையை அசைக்காமல் மூன்றாவது ஸ்ட்ரைக் போனதை வேடிக்கை பார்த்தே அவுட்டானான். ஆட்டம் முடிந்தது.

அலுவலக டிவி முன்னால் மார்னி கத்திய கத்தலில் காவலாளி ஓடிவந்தார். திரையில் லாங்லி அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எண்களைத் தாண்டி எனக்கு ஒரு உள்ளுணர்வு உண்டுங்க."

போன் அடித்தது. டெல்.

"பார்த்தீங்களா? பேட்டியில உங்க பேரைச் சொன்னேன் மார்னி. வெட்டிட்டாங்க."

"முழுப் பேரா சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப நேரம் பத்தியிருக்காது" என்றாள்.