கஞ்சி நிற்காத கோட்டு

இதில் ஒரு சொல் பொய்யில்லை. திருமுல்லைவாயில் கோயில் சந்நிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். சந்தேகப்படுகிறவர்கள் கற்பூரத்தை மட்டும் வாங்கி வந்தால் போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டி இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் அட்டெண்டர். ஏழு வருஷமாக டெம்பரவரி. என் கல்யாணப் பத்திரிகையிலேயே மாமனார் "மாப்பிள்ளை செங்கல்வராயன், டெம்பரவரி" என்று அச்சடித்திருந்தார்.

விஞ்ஞானி டாக்டர் பார்த்தசாரதி வளர்த்தது மாவுச்சத்தைத் தின்னும் ஒரு பாக்டீரியா. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகே, இருபது வருஷமாகச் சோற்றுக் கஞ்சி ஓடிய ஓட்டல் சாக்கடையிலிருந்து ஒரு ஸ்பூன் சேறு எடுத்து வந்தார். அதிலிருந்த பெருந்தீனிக்காரனைப் பொறுக்கி, புறஊதா விளக்கில் வாட்டி, அதன் ஜீனைக் கொஞ்சம் கலைத்தார். அதன் பசி நூறு மடங்காயிற்று. அது சுரக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். நெசவு ஆலைகளில் துணியில் ஏறிய கஞ்சியை எடுக்க அப்படியொரு நொதிதான் தேவை.

மே மாதம் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. வீராசாமி என்ற அதிகாரி வெள்ளிக்கிழமை வருவார். நொதி வேலை செய்வதை அவர் கண்ணால் பார்த்தால் டெம்பரவரி ஆட்கள் எல்லாருக்கும் பர்மனென்ட் ஆர்டர். பார்க்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஏழு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போவதென்றால் எனக்கு மாமனார் வீடுதான்.

அதற்காக டாக்டர் எல்லாருடைய வெள்ளைக் கோட்டையும் துவைத்துக் கஞ்சி போட்டு மொடமொடவென்று வைக்கச் சொன்னார். கண்ணாடிச் சாமான் கழுவும் சொர்ணம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அலமாரியைத் திறந்தார். நொதி வைத்திருந்த குடுவை காலி. அதுவும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தது.

"சொர்ணம், இதுல இருந்தது எங்கம்மா?"

"ஆறிப்போன கஞ்சிதானே சார். கீழ ஊத்த மனசு வரல. கோட்டுக்கு வச்சிருந்த பக்கெட்டுல கலந்துட்டேன்."

"அது கஞ்சி இல்லம்மா. என் எட்டு மாச உழைப்பு. மேல பேர் எழுதியிருந்தேனே."

"இங்கிலீஷ்ல எழுதினா எனக்கு இன்னா தெரியும்? ஆனா கஞ்சி சரியில்ல சார். ராத்திரி பூரா ஊறியும் ஒரு கோட்டும் நிக்கல. தொவண்டு போய்க் கீது."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தது.

பத்து மணிக்கு வீராசாமி வந்தார். கஞ்சி போட்ட கதர் ஜிப்பா, தகரம் மாதிரி நின்றது. உள்ளே வருபவர் யாராக இருந்தாலும் கோட்டு போட வேண்டும் என்பது விதி. நான் ஒரு கோட்டை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன். அன்றைக்கு அம்பத்தூர் வெயிலில் ரயில் தண்டவாளமே வேர்த்தது. அரை மணி நேரத்தில் அவர் வேர்வை கோட்டிலிருந்த நொதியை ஜிப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜிப்பா மெல்ல, வெயிலில் வைத்த வாழையிலை போல் சாய்ந்தது.

பிறகு எறும்பு வந்தது. கஞ்சிதான் சர்க்கரையாகிவிட்டதே. திருமுல்லைவாயில் பக்கமிருந்து ஒரு வரிசை, ஆவடிப் பக்கமிருந்து ஒரு வரிசை. ஆவடி வரிசை ரயில்வே கேட்டில் திருவள்ளூர் லோக்கல் போகும்வரை நின்று வந்தது. அதை நான் பார்த்தேன்.

"குடுவை எங்கே டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே வீராசாமி கழுத்தைச் சொறிந்தார்.

டாக்டர் அலமாரியை முதுகால் மறைத்துக்கொண்டார்.

சொர்ணம் என் காதில், "அண்ணாத்தே, போச்சா நம்ம வேலை?" என்றாள்.

"இரு, சொர்ணம். எறும்பு இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்."

மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலமாகும், அது டாக்டர் தினமும் செய்கிற பரிசோதனை. நான் அயோடின் பாட்டிலை எடுத்து, "ஐயா, மன்னிக்கணும்" என்று சொல்லி அவர் ஜிப்பாவின் மார்பில் நாலு சொட்டு விட்டேன். நீலம் வரவில்லை. பழுப்புக் கறை மட்டும் வந்தது.

"இது காலையில கஞ்சி போட்ட ஜிப்பா" என்றார் வீராசாமி.

"ஆமாங்க ஐயா. இப்ப அது சர்க்கரை. சாட்சிக்கு எறும்பு வந்திருக்கு."

அவர் தன் மார்பை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். சுண்டுவிரலால் ஜிப்பாவைத் தொட்டு நாக்கில் வைத்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தித்திக்கிறது" என்றார் வீராசாமி. "டில்லியில் இத்தனை வருஷத்தில் எந்த ஆராய்ச்சி முடிவையும் நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை."

எறும்புகளைத் தட்டிக்கொண்டே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை, எறும்பு வரிசை திரும்பிப் போன வழியில், எஸ்டேட் சுவர்களில் மைதா பசையால் ஒட்டியிருந்த போஸ்டர்கள் அத்தனையும் ஒன்றாக உருண்டு விழுந்தன. அதை யாரும் அறிக்கையில் எழுதவில்லை.

ஒரு மாதத்தில் எனக்கு ஆர்டர் வந்தது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் பதவி சைக்கிள் ஸ்டாண்டு காவலர் என்று இருக்கிறது. பணியில் சேர்ந்த நாள் முதல் ஆய்வுக்கட்டிடத்துக்குள் ஒருமுறையும் நுழையாத நன்னடத்தைக்காக நிரந்தரமாக்கப்படுகிறார் என்று எழுதியிருக்கிறது.